பக்கவாதத்தின் கடைசிக் கட்டம்: பெங்களூரில் வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய ஸ்ட்ரோக் வந்து, ஐசியூவில் சில வாரம் கழிந்து, "இனி வீட்டிலேயே வெச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களின் குடும்பங்களுக்காக இதை எழுதியிருக்கிறோம். மருந்தின் அளவுகளைக் கொடுத்திருப்பது மருத்துவரிடம் விவரமாகப் பேசுவதற்காக. அவர் எழுதித் தராமல் நீங்களாக எதையும் தொடங்க வேண்டாம்.

ஹாஸ்பிஸ் என்றால் புற்றுநோய்க்காரர்களுக்குத்தானே? ஸ்ட்ரோக்குக்கும் உண்டா?

நம் ஊர்களில் ஹாஸ்பிஸ்கள், அதாவது இனிக் குணமாகாதவர்களை வைத்து ஆறுதலாகப் பார்த்துக்கொள்ளும் இல்லங்கள், புற்றுநோயை வைத்தே வளர்ந்தன. பெங்களூரில் எல்லோருக்கும் தெரிந்த கருணாஷ்ரயாவும், 1994-ல் அமைந்த பெங்களூர் ஹாஸ்பிஸ் டிரஸ்ட் புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கியதுதான். ஆகவே ஸ்ட்ரோக் நோயாளிக்கு எந்த ஹாஸ்பிஸிலும் படுக்கை உறுதி என்று நினைத்துக் கிளம்பாதீர்கள். முதலில் போன் செய்து, நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் ஹாஸ்பிஸ் என்பது ஒரு கட்டடம் மட்டும் கிடையாது. வலி, மூச்சுத்திணறல், புண், குடும்பத்தின் குழப்பம் எல்லாவற்றையும் கவனிக்கும் பேலியேட்டிவ் கேர் எந்த நோய்க்கும் உண்டு. நிம்ஹான்ஸில் நரம்பு நோய்களுக்கென்றே இந்தப் பிரிவு இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையிலும் பேலியேட்டிவ் மருத்துவத் துறை உண்டு. நோயாளியைத் தூக்கிக்கொண்டு போக முடியாவிட்டால், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், மருந்துப் பட்டியல், போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஆகியவற்றோடு குடும்பத்தில் ஒருவர் மட்டும் போய்ப் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பா இனி தேறமாட்டார் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதுதான் ஸ்ட்ரோக்கின் கஷ்டம். புற்றுநோயில் ஆள் படிப்படியாக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். ஸ்ட்ரோக்கில் ஒரே நாளில் விழுந்து, பிறகு மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, ஒரு சளிக் காய்ச்சலில் மறுபடி சரிவார். முதல் வாரத்தில் ஆபத்து மூளை வீக்கத்தால் வருகிறது. அது பெரும்பாலும் 2-லிருந்து 5-ஆம் நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதைத் தாண்டியவர்களுக்குப் பெரிய எதிரி நிமோனியா.

கை கால், பேச்சு, விழுங்குதல் ஆகியவற்றில் வரவேண்டிய முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் 3 மாதத்தில் வந்துவிடும். அதற்குப் பிறகும் அடையாளம் தெரியவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, நிமோனியா திரும்பத் திரும்ப வருகிறது, குழாயில் போதுமான உணவு போயும் எடை குறைகிறது, புண் ஆறவில்லை என்றால் பாதை எந்தப் பக்கம் போகிறது என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். "எவ்வளவு நாள்?" என்று கேட்டால் பதில் வராது. "அடுத்த ஆறு மாதத்தில் இவர் இறந்துபோனால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்குமா?" என்று கேட்டால் பெரும்பாலும் நேர்மையான பதில் வரும்.

பேலியேட்டிவ் கேர் தொடங்க, வேறு எல்லாம் கைவிடப்பட வேண்டும் என்ற அவசியமில்லை. பிசியோதெரபி, ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றோடும் அது சேர்ந்தே போகலாம்.

தொண்டையில் ஓட்டை போட வேண்டும் என்கிறார்கள். ஒப்புக்கொள்வதா?

ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: கெடு வைத்து முயல்வது. "டிரக்கியாஸ்டமி செய்வோம், இரண்டு வாரம் பார்ப்போம். கண் திறந்து சொன்னதைச் செய்கிறாரா, மூச்சு மெஷினின் உதவி குறைகிறதா? இல்லையென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்" என்று தேதியும் அடையாளமும் குறித்துக்கொண்டு, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். கெடு வைக்காமல் தொடங்கும் சிகிச்சையை நிறுத்துவது யாருக்கும் எளிதாக இருப்பதில்லை. முடிவு எடுக்கும்போது "நமக்கு என்ன வேண்டும்" என்று கேட்காமல், "அப்பாவால் பேச முடிந்தால் என்ன சொல்வார்" என்று கேளுங்கள். அண்ணன் தம்பிகளுக்குள் வரும் சண்டை பாதி இதிலேயே அடங்கும்.

உயிர்காப்புக் கருவியை நிறுத்துவது சட்டப்படி சரியா?

சரிதான், முறைப்படி செய்தால். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் கண்ணியத்தோடு இறக்கும் உரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது மருத்துவமனையிலேயே இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். குடும்பத்தின் சம்மதம் தேவை, மாஜிஸ்ட்ரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரி இறுதியில் இதைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை விட்டது.

நல்ல நினைவோடு இருப்பவர்கள், எந்த உயிர்காப்புச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயிலுக்கு இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் கையெழுத்தும் போதும். ஒரு ஸ்ட்ரோக் வந்து தேறியவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு அதிகம். அவர் பேசும்போதே இதைப் பேசி எழுதிவிடுவது நல்லது.

மருத்துவமனையிலிருந்து கூட்டிவரும்போது என்னென்ன வாங்க வேண்டும்?

"மருத்துவ ஆலோசனையை மீறி அழைத்துச் செல்கிறோம்" என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பயந்துபோய்ப் போட்டுவிடாதீர்கள். மருத்துவர்களோடு பேசி, ஒத்துக்கொண்டு அழைத்து வருகிறீர்கள் என்றால் அது சாதாரண டிஸ்சார்ஜ். சம்மரியில் "வீட்டில் ஆறுதல் சிகிச்சை" என்று எழுதச் சொல்லுங்கள். பின்னால் இன்சூரன்ஸ் கேட்கும்போதும், மரணச் சான்றுக்கு மருத்துவரைத் தேடும்போதும் அந்த ஒரு வரி உதவும். மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் எந்தத் தேதியில், எந்த அளவில் போடப்பட்டன, அடுத்து எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். மூன்றாவதாக, ராத்திரி இரண்டு மணிக்கு யாரை அழைப்பது என்ற நம்பர்.

மூக்குக் குழாயில் உணவு கொடுப்பது எப்படி? என்ன தவறு நடக்கும்?

குழாய் மூக்கைத் தொடும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பது. கோடு வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள். குழாயின் நுனி மூச்சுக்குழாய்ப் பக்கம் திரும்பியிருக்கலாம். நர்ஸ் வந்து சரிபார்க்கட்டும்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். தலையணையைக் கழுத்துக்கு மட்டும் வைத்தால் வயிறு மடங்கும். முதுகோடு சேர்த்து உயர்த்த வேண்டும். 50 மி.லி. சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, புனல் மாதிரி ஒரு அடி உயரத்தில் பிடித்து, முதலில் 30 மி.லி. வெந்நீர் ஆறியது, பிறகு 200 மி.லி. உணவு, கடைசியில் மீண்டும் 30 மி.லி. தண்ணீர். உணவு தானாக இறங்கட்டும். 15 நிமிடமாவது ஆகும். அவசரத்தில் அழுத்தித் தள்ளினால் வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குப் போகும். காலை 6 மணியிலிருந்து 3 மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் இரவு 9 மணிக்குள் ஆறு வேளை ஆகிவிடும். கொடுத்த பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்கையைத் தாழ்த்தக் கூடாது. டயபர் மாற்றுவது, திருப்பிப் போடுவது எல்லாம் உணவுக்கு முன்னால் முடியட்டும்.

ராகிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், பால், அடித்த சத்துமாவு எதுவானாலும் டீ வடிகட்டியில் வடிகட்டுங்கள். ராகி ஆறினால் கெட்டியாகும். காலையில் காய்ச்சியதை மதியம் ஊற்றினால் குழாய் அடைக்கும். அடைப்புக்கு இன்னொரு காரணம் மாத்திரை. ஒவ்வொன்றையும் தனியாக மாவாக நுணுக்கிக் கரைத்து, நடுநடுவே 10 மி.லி. தண்ணீர் விடுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளையும், குடலில் கரையும்படி உறை போட்டவற்றையும் நுணுக்கக் கூடாது. அவற்றுக்குச் சிரப் கிடைக்குமா என்று கேளுங்கள். அடைத்த குழாயில் கம்பி விடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சால் மெல்லத் தள்ளி இழுத்துப் பார்த்துவிட்டு, முடியாவிட்டால் மாற்றுவதே வழி.

வாயில் ஒரு வாய் காபியாவது கொடுக்கலாமா?

விழிப்பாக இருக்கும்போது மட்டும், நேராக உட்காரவைத்து, முகவாயைச் சற்றுக் கீழே இறக்கி, டீஸ்பூனில் பாதி அளவு. தண்ணீரையும் காபியையும் விடக் கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம் பத்திரம். செயலுள்ள கன்னத்தின் பக்கம் வைத்து, விழுங்கிய பிறகு அடுத்தது. செயலிழந்த கன்னத்தில் உணவு தங்கும். விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். இருமல் வந்தாலோ, குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பது மாதிரி கேட்டாலோ நிறுத்துங்கள். கடைசிக் கட்டத்தில் புரையேறும் ஆபத்து தெரிந்தே, ருசிக்காகக் கொஞ்சம் கொடுப்பது என்று மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். அதில் தவறில்லை.

பக்கவாதத்துக்கு மருந்து என்று சொல்லி உறவினர் யாராவது புறா ரத்தத்தோடு வந்தால் வாசலிலேயே காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனி படுக்கைப் புண் வராதுதானே?

வரும். ஏர் பெட் திருப்பிப் போடும் வேலையைக் குறைக்கும், நிறுத்தாது. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம், மல்லாந்து, வலம் என்று மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்த்தால் இடுப்பெலும்பில் பாரம் விழாது. கெண்டைக்கால் அடியில் தலையணை வைத்து, குதிகால் காற்றில் நிற்கும்படி விடுங்கள். குதிகால் புண் எல்லோரும் மறந்துபோகும் புண்.

ஏர் பெட்டுக்கு மேல் ரப்பர் ஷீட்டும் கம்பளியும் போட்டால் அதன் பயன் போய்விடும்; ஒரு பருத்தி விரிப்பு போதும். இடுப்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். எலும்பு கையில் இடித்தால் காற்றுப் போதவில்லை. பெஸ்காம் கரண்ட் போனால் பல பெட்கள் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பம்புக்கு ஒரு சின்ன பல்ப் அளவு மின்சாரமே தேவை என்பதால் இன்வெர்ட்டர் லைனில் செருகிவையுங்கள்.

தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அது புண்ணின் தொடக்கம். அந்த இடத்தில் எண்ணெய் தேய்க்காதீர்கள். உள்ளே ஏற்கெனவே தசை நசுங்கியிருக்கிறது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அங்கேயும் தேய்க்கக் கூடாது, ரத்தக்கட்டு இருக்கலாம். புண்ணில் நாற்றம் வந்தால் மெட்ரோனிடஸோல் மாத்திரையைப் பொடித்து மேலே தூவச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் நாற்றம் அடங்குவது தெரியும்.

அம்மா ராத்திரி முழுக்க முனகுகிறார். பேச்சு இல்லை. வலி என்று எப்படித் தெரியும்?

தூக்க மாத்திரை கேட்டு போன் செய்வதற்கு முன்னால் கீழிருந்து மேலாக ஒருமுறை தேடுங்கள். பாதி இரவுகளில் காரணம் கையில் அகப்படும்.

முதலில் சிறுநீர். குழாய் தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா? பை படுக்கைக்கு மேலே வைக்கப்பட்டிருக்கிறதா? நான்கைந்து மணி நேரமாகப் பையில் ஒன்றும் இறங்கவில்லை, அடிவயிறு கெட்டியாக இருக்கிறது என்றால் அடைப்பு. குழாயை மாற்ற நர்ஸை உடனே கூப்பிடுங்கள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல் தொங்க வேண்டும்.

அடுத்தது மலம். மூன்று நாள் போகவில்லையென்றால் அதுவே போதும், வயதானவர் ராத்திரி முழுக்கப் புரள. இங்கே ஒரு ஏமாற்று உண்டு: கெட்டி மலம் அடைத்துக்கொண்டு, அதன் ஓரமாகத் தண்ணீர் மாதிரி கசியும். பேதி என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துவார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். விரலால் சோதித்துப் பார்க்க நர்ஸிடம் சொல்லுங்கள். பிறகு தினமும் லாக்டுலோஸ் 15 முதல் 30 மி.லி. என்று எழுதித் தருவது வழக்கம்.

மூன்றாவது தோள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியதால் தோள் மூட்டு இறங்கியிருக்கும். அக்குளில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. இடுப்புக்கு அடியில் மடித்த விரிப்பைப் போட்டு, இருவர் சேர்ந்து விரிப்போடு நகர்த்துங்கள். கைக்கு அடியில் எப்போதும் ஒரு தலையணை.

பிறகு மடங்கிய டயபர், மடிந்த காது, வறண்ட வாய். கொசு.

இவை எதுவும் இல்லாமல், திருப்பும்போது நெற்றி சுருங்குகிறது, கையைத் தட்டிவிடுகிறார், மூச்சு வேகமாகிறது என்றால் வலி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் 500 மி.கி. குளிப்பாட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்துப் பார்த்தாலே பலருக்கு வித்தியாசம் தெரியும். தொட்டாலே எரிவது போன்ற, ஸ்ட்ரோக் மூளையிலிருந்தே வரும் வலிக்குப் பாராசிட்டமால் கேட்காது. அமிட்ரிப்டிலின், கபபென்டின் போன்ற மருந்துகள் வேண்டும். தசை இறுக்கத்துக்குப் பேக்லோஃபென்.

மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா?

கடும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் கொடுக்கும் வலுவான மருந்து இது. சரியான அளவில் கொடுத்தால் இல்லை. மூச்சுத்திணறலுக்கு வயதானவர்களுக்கு 10 மி.கி. மாத்திரையில் கால் பகுதி, அதாவது 2.5 மி.கி., 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்று தொடங்குவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இடைவெளி கூடும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர வேண்டும். மார்ஃபின் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. 2014-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்களில் கிடைக்கிறது. தீர்ந்த பிறகு தேடாமல், 3 நாள் மருந்து மீதம் இருக்கும்போதே போங்கள்.

எந்த மாத்திரைகளை நிறுத்தலாம்?

கொழுப்பு மாத்திரை பல வருடம் கழித்து வரும் நன்மைக்காகக் கொடுப்பது. அதையும் விட்டமின்களையும் முதலில் நிறுத்துவார்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மிக முக்கியமாக, உணவு குறையும்போது இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் குறைய வேண்டும். பழைய அளவையே தொடர்ந்து, "அம்மா திடீர்னு மயங்கிட்டாங்க" என்று இன்னொரு ஸ்ட்ரோக்காக எண்ணி ஆம்புலன்ஸ் கூப்பிடுவது நடக்கிறது. மயக்கம் என்றால் முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள்.

வலிப்பு வந்தால்?

ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் ஸ்பூன் வேண்டாம், கையில் சாவி வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மிடாஸோலம் மூக்கு ஸ்பிரே.

பகலுக்கு வைத்த அட்டெண்டருக்குத் தமிழ் தெரியவில்லை.

ஏஜென்சி அனுப்பும் ஆட்களில் பலர் வடகிழக்கு, ஒடிசா பக்கம். வேலையில் குறை இருக்காது. ஆனால் ஸ்ட்ரோக்கில் பேச்சு போனவருக்குத் தாய்மொழியே தடுமாறும்போது இந்தி சுத்தமாக எட்டாது. கட்டில் அருகே சுவரில் ஒரு தாள் ஒட்டுங்கள்: வலி, தண்ணீர், திருப்பு, குளிர், பாத்ரூம் என்று ஐந்து படம். நோயாளி கண்ணை மூடினால் ஆம் என்று பழக்கும்போது, விடை தெரிந்த கேள்விகளால் சோதியுங்கள்: "என் பேர் செல்வமா?" "நாம இருக்கறது சென்னையா?" இரண்டுக்கும் கண்ணை மூடினால் அந்தப் பதிலை நம்பி முடிவெடுக்க முடியாது.

ஏஜென்சியிடம், வருவது அட்டெண்டரா, படித்த நர்ஸா என்று எழுத்தில் கேளுங்கள். குழாய் மாற்றுவது அட்டெண்டர் வேலை கிடையாது. பார்த்துக்கொள்ளும் மருமகளுக்கோ மகளுக்கோ வாரத்தில் ஒரு முழு இரவாவது தடையில்லாத தூக்கம் வேண்டும். மனது தாங்கவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

கடைசி நாட்களில் என்ன நடக்கும்?

தூக்கம் கூடும், சிறுநீர் குறையும், கை கால் சில்லிடும். மூச்சு வேகமாகி, மெலிந்து, 20, 30 விநாடி நின்று, மறுபடி தொடங்கும். மூளை பாதித்தவர்களுக்கு இப்படி வருவது சகஜம். அவருக்கு அது தெரிவதில்லை. தொண்டையில் கரகரப்புச் சத்தம் வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழாய் உணவை நிறுத்துவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். உடல் ஏற்காத உணவும் தண்ணீரும் அந்தச் சத்தத்தையே கூட்டும். கிளைகோபைரோலேட் ஊசி உதவும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது (சக்‌ஷன்) வேதனைதான் தரும்.

ஊரிலிருந்து பெரியவர்கள் வந்து பால் ஊற்ற வேண்டும் என்பார்கள். தடுக்க வேண்டாம். ஸ்பூனுக்குப் பதிலாகக் கிண்ணத்தில் பாலும் சுத்தமான பஞ்சும் வையுங்கள். பஞ்சை நனைத்து, பிழிந்து, உதட்டிலும் நாக்கு நுனியிலும் ஒற்றட்டும். துளசித் தீர்த்தத்துக்கும் இதே முறை. வாய்க்குள் ஊற்றினால் மூச்சு முட்டிக் கண் பிதுங்குவதைத்தான் வந்தவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டிவரும்.

சொந்த ஊருக்குக் கொண்டுபோய்விடலாமா?

ஊரில்தான் போக வேண்டும் என்பது அவர் விருப்பமென்றால், விழுங்கவும் கண் திறக்கவும் முடிகிறபோதே போங்கள். மூச்சு விட்டுவிட்டு வரும் நிலையில் ஓசூர் ரோட்டில் ஆம்புலன்ஸில் ஆறு மணி நேரம் என்பது நோயாளிக்கும் நல்லதில்லை, காகிதத்துக்கும் நல்லதில்லை. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஓடும் வண்டியில் நடந்தால் வண்டி முதலில் நிற்கும் இடத்தில். புறப்படும் முன் ஊரில் எந்த மருத்துவர் வந்து பார்ப்பார் என்று பேசி முடித்து, மருந்தும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இறந்தால் போலீசுக்குச் சொல்ல வேண்டுமா?

நோயால் இறந்தால் வேண்டாம். கடைசியாகப் பார்த்து வந்த மருத்துவர் வந்து உறுதிசெய்து, படிவம் 4ஏ-யில் மரணக் காரணத்தை எழுதித் தர வேண்டும். கல்பள்ளியோ வில்சன் கார்டனோ, மயானத்தில் மருத்துவர் சான்றும் ஆதார் நகலும் கேட்பார்கள். இதற்காகவே, கடைசி வாரங்களில் ஒரு மருத்துவராவது வீட்டுக்கு வந்து பார்த்திருப்பது அவசியம். முன்பின் பார்க்காத மருத்துவர் கையெழுத்துப் போடத் தயங்குவது நியாயமே. பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன் எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும்.

21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். சான்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வரும். தமிழ்நாட்டில் வாரிசுச் சான்று, பட்டா, பேங்க் கணக்கு என்று அலையும்போது தடுக்கி விழுவது பெயரில்தான்: ஆதாரில் "கே. முனுசாமி", பட்டாவில் "கந்தசாமி மகன் முனுசாமி", சான்றில் வேறு ஸ்பெல்லிங். விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடியே எழுதி, பதிவாவதற்கு முன் ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். பிரதிகள் ஐந்தாறு சேர்த்தே வாங்குங்கள்.

மீதமான மருந்துகளையும் பொருட்களையும் என்ன செய்வது?

பிரிக்காத டயபர், சிரிஞ்ச், ஏர் பெட் ஆகியவற்றை உங்களைப் பார்த்துக்கொண்ட பேலியேட்டிவ் குழுவிடம் கேட்டுக் கொடுங்கள்; அடுத்த வீட்டுக்குப் போகும். மார்ஃபின் மாத்திரையை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், எண்ணி, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.